ஓடுகிற வண்டி உள்ள மாப்பிள்ளை

நாற்பதைக் கடந்து வெகுகாலமான ஒரு மனிதன் தன் அறிவீனத்தை ஊரறிய ஒப்புக்கொள்வதென்றால் சுருக்கமாகச் சொல்லிவிடுவது நல்லது. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. போன மாதம் ஒரு பழைய டீசல் பிக்கப் வாங்கிவிட்டேன்.

வாங்கினேன் என்பதுகூடக் கொஞ்சம் மிகை. போச்சம்பள்ளிப் பக்கம் ஒரு மாந்தோப்பில் சக்கரம் புதைய நின்றிருந்ததைக் கயிறு கட்டி இழுத்து வந்தேன். நான் குடியிருப்பது மூக்கண்டப்பள்ளியில், இரண்டாவது மாடியில். கீழே எனக்கென்று ஒதுக்கிய இடத்தில் அதுவரை என் ஸ்கூட்டரும் மனைவியின் துளசித் தொட்டியும் சண்டையில்லாமல் இருந்துவந்தன. இப்போது துளசி மாடிக்குப் போய்விட்டது, ஸ்கூட்டர் வெயிலில் நிற்கிறது. முதல் நாளே வாட்ச்மேன் வந்து, “சார், குப்பை எடுக்க வந்த வண்டி இன்னும் கிளம்பவே இல்ல” என்று என்னிடமே புகார் சொன்னார்.

ஏன் வாங்கினாய் என்று கேட்பவர்களிடம் நாலு புத்தகம் படித்தவனுக்குரிய மிடுக்கோடு ஏதேதோ சொல்லிப் பார்த்தேன். உடலுழைப்பின் மேன்மை, மனிதனுக்கும் இயந்திரத்துக்கும் உள்ள உறவு, இந்த மாதிரி. உண்மையான காரணம் அதன் மூக்கு. எங்கள் சித்தப்பாவின் வண்டிக்கும் அதே மூக்கு.

அப்போது நான் ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் சானமாவுக் காட்டை ஒட்டியது. ராகி அறுப்புக் காலத்தில் ஆனை வரும், மற்ற காலத்தில் கரண்ட் போகும். இவை தவிர ஊரில் விசேஷம் குறைவு. சித்தப்பா ஓசூரில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். கம்பெனி கழித்துக்கட்டிய ஒரு பிக்கப்பை ஏலத்தில் எடுத்து, டிராக்டருக்குப் பின்னால் கட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தார்.

“இது என்னாடா?” என்றார் அப்பா.

“வண்டிண்ணா.”

“டிராக்டருக்குப் பின்னாடி கட்டிக்கினு வந்தா அதுக்குப் பேரு கலப்பைடா.”

அன்று முதல் எங்கள் வீட்டில் அதற்குக் கலப்பை என்றே பேர். சித்தப்பா மட்டும் வண்டி என்றார்.

பழுதுபார்க்கும் வேலை ஆரம்பத்திலேயே தடைப்பட்டது. டிரைவர் சீட்டின் அடியில் எங்கள் கோழி ஒன்று முட்டையிட்டு அடைக்கு உட்கார்ந்துவிட்டது. குஞ்சு பொரிக்கிறவரை அந்தப் பக்கம் ஸ்பேனர் சத்தமே கேட்கக்கூடாது என்று அம்மா உத்தரவு போட்டாள். சித்தப்பா அதுவரை பின்பக்கத்தில் வேலை செய்தார். கம்பெனியில் மெஷின்களுக்கு அடித்து மீந்த பச்சை பெயிண்டைக் கேட்டு வாங்கிவந்து பெட்டிக்கு அடித்தார். வண்டி ஒரு பெரிய லேத் மாதிரி ஆகிவிட்டது. எங்கள் எருமையின் ஒரு கொம்பும் பச்சையானது. அது என் சொந்த முயற்சி.

குஞ்சுகள் வெளியேறியதும் இஞ்சின் வேலை தொடங்கியது. ஆனேக்கல்லிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு மேஸ்திரி சைக்கிளில் வருவார். கன்னடக்காரர். சாக்கு விரித்து அதன்மேல் இஞ்சினைப் பிரித்துப் போட்டார்கள். நாஸில் ஒரு பக்கம், வால்வு ஒரு பக்கம், பேர் தெரியாத சாமான்கள் மிச்ச இடமெல்லாம். பிஸ்டன் ரிங்கை அம்மாவின் இட்லிக் குண்டானில் போட்டுக் கொதிக்க வைத்ததில் வீட்டில் ஒரு வாரம் இட்லியும் இல்லை, பேச்சும் இல்லை. எனக்குக் கன்னடம் அந்த மேஸ்திரியிடம் கற்றதுதான். அதில் பாதிச் சொற்களைத் துருப்பிடித்த நட்டுகளிடம் மட்டுமே பேசமுடியும் என்பது பிற்பாடு தெரிந்தது.

இந்த நிலையில்தான் சித்தப்பாவுக்குப் பெண் பார்த்தார்கள்.

சித்தப்பா முப்பதைத் தாண்டியிருந்தார். ஷிஃப்ட் வேலை பார்க்கிற மாப்பிள்ளை என்றால் அந்தக் காலத்தில் பெண் வீட்டார் யோசித்தார்கள். ராத்திரி முழுக்க வெளியே இருக்கிறவன் கம்பெனியில்தான் இருக்கிறான் என்று யார் கண்டது. தரகர் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். பேரிகைப் பக்கம் ஒரு வீட்டில் போய், “சொந்தமா ஓடுற வண்டி வெச்சிருக்கிற மாப்பிள்ளைங்க” என்று சொல்லிவிட்டு வந்தார். அதில் சொந்தம் என்பது உண்மை, வண்டி என்பது சர்ச்சைக்குரியது, ஓடுற என்பது சுத்தப் பொய்.

பெண்ணின் அப்பா கத்தரியும் தக்காளியும் வைத்துச் சந்தைக்கு ஏற்றுகிற மனிதர். வாடகை வண்டிக்காரர்களிடம் நொந்தவர். ஓடுகிற வண்டி என்றதும் காது கொடுத்தார். ஆனால் அவர் கையில் இன்னொரு மாப்பிள்ளையும் இருந்தான். மாலூரில் பள்ளிக்கூட வாத்தியார். எனவே அவர் தெளிவாகச் சொல்லி அனுப்பினார். தை பிறந்ததும் வீடு பார்க்க வருவோம், வண்டியை ஓட்டிக் காட்டினால் மேற்கொண்டு பேசலாம், இல்லையென்றால் வாத்தியாருக்கே தாம்பூலம் மாற்றிவிடுவோம்.

சித்தப்பா அதற்குள் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். வந்ததிலிருந்து அவர் நிலைமை சரியில்லை. ஸ்பேனரைக் கையில் பிடித்துக்கொண்டு எந்த நட்டைக் கழற்ற வந்தோம் என்று தெரியாமல் வெகுநேரம் நிற்பார். “என்னா சித்தப்பா?” என்றால், “ஒண்ணுமில்லடா, பதினாலாம் நம்பர்” என்பார். கையில் இருப்பது பதினேழாக இருக்கும்.

எப்படியோ இஞ்சினை மாட்டிவிட்டார்கள். பொங்கலுக்கு முன்னால் ஒருநாள் அது இரண்டு நிமிஷம் ஓடவும் செய்தது. கரும்புகை மாட்டுக்கொட்டகையை மூடியது. சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகையினால் என்று சொன்னார்.

அவர்கள் வருகிற நாள் காலையில் பார்த்தால், டீசல் டியூப் எங்கேயோ கழன்று, லைன் முழுக்கக் காற்று ஏறியிருந்தது. டீசல் வண்டிக்கு இது பெரிய வியாதி. லைனில் ஒரு குமிழி இருந்தாலும் இஞ்சின் பிடிக்காது. ஃபில்டரின் தலையில் உள்ள திருகைத் தளர்த்திவிட்டு, பக்கத்தில் இருக்கும் கட்டைவிரல் அளவு கைப்பம்பை அடிக்கவேண்டும். நுரைநுரையாகக் காற்று வெளியேறி, சுத்தமான டீசல் வருகிறவரை அடித்துக்கொண்டே இருக்கவேண்டும். அந்தப் பம்பு என் கைக்குத்தான் அளவாக இருந்தது. முக்காலிமேல் ஏறி நின்று அடித்தேன். சித்தப்பாவின் கல்யாணம் என் கட்டைவிரலில் இருக்கிறது என்பதில் எனக்கு அப்போது கொஞ்சமும் சந்தேகமில்லை.

இன்னொரு வேலையும் என்னுடையது. டிரைவர் பக்கத்துக் கதவின் தாழ்ப்பாள் தேய்ந்துபோய், கதவு ஓயாமல் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. “வரவங்க பாத்தா சிரிப்பாங்க, அத கட்டுடா” என்றார் அப்பா. கட்டுக்கம்பியை உள்பக்கமாகச் சுற்றி, கட்டிங் பிளேயரால் முறுக்கி, வெளியே நுனிகூடத் தெரியாமல் கட்டினேன். அவ்வளவு நேர்த்தியாக அதற்குப் பிறகு நான் எந்த வேலையும் செய்ததில்லை. சித்தப்பா இடதுபக்கக் கதவு வழியாக ஏறி நகர்ந்து ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தார். டேங்க் இன்னும் கழுவி வரவில்லை. அதனால் டீசல் கேனைத் தூக்கி அவர் பக்கத்துச் சீட்டில் வைத்து, அது சாயாமல் டூல்ஸ் பெட்டியை முட்டுக்கொடுத்து, டியூபை இஞ்சினுக்கு விட்டோம்.

மேஸ்திரி தன் தமிழில் கண்டிப்பாகச் சொன்னார்: “நான் ‘சாலு’ன்னா சாவி திருப்பு. அதுக்கு முந்தி திருப்பிட்டா என் கை இருக்காது. ஆய்த்தா?”

“ஆய்த்து” என்றார் சித்தப்பா. மேஸ்திரியின் கன்னடத்தில் சாலு என்றால் கிளப்பு, ஓடவிடு. அதை நான்கூட அறிவேன்.

பன்னிரண்டு மணிக்கு வரவேண்டியவர்கள், ராகு காலத்துக்கு முன்னால் வாசல் மிதித்துவிடவேண்டும் என்று பத்துக்கே வந்துவிட்டார்கள். பானெட் தூக்கியபடி இருக்கிறது, மேஸ்திரி முழங்கைவரை டீசலில் இருக்கிறார், நான் முக்காலியில். அப்பா சமாளித்தார். “வண்டி சர்வீசு போய்க்கினு இருக்குதுங்க. வாங்க, மொதல்ல வாய் இனிக்கட்டும்” என்று அவர்களைப் புங்கமரத்தடியில் பந்தியாக உட்கார வைத்தார். வண்டிக்கு எதிரே பத்தடியில்.

அம்மா ஒப்பட்டு, அதாவது போளி, போட்டிருந்தாள். அவளுக்கு இடப்பட்ட கட்டளை, வண்டி கிளம்புகிறவரை அவர்களை எழவிடாதே என்பது. ஆகவே பெண்ணின் அப்பா ஒன்றை முடிக்குமுன் அடுத்தது இலையில் விழுந்தது. அதன்மேல் நெய் விழுந்தது. மனிதர் மூன்றாவதைப் பாதிக்குமேல் தாங்கமாட்டாமல் திணறிக்கொண்டிருந்தார்.

இந்தப் பக்கம் நுரை நின்று, தெளிந்த டீசல் வந்தது. மேஸ்திரி திருகை இறுக்கினார். ஒரே ஒரு பாக்கி. பழைய டீசல் இஞ்சின் சாவியைத் திருப்பினால் நிற்காது. அதை நிறுத்தத் தனியாக ஒரு கம்பியை இழுக்கவேண்டும். அந்த ஸ்டாப் கம்பியை இன்னும் மாட்டவில்லை. மேஸ்திரி குனிந்து அதைத் தேடிக்கொண்டிருந்தார்.

அம்மா நாலாவது ஒப்பட்டோடு குனிந்தாள். பெண்ணின் அப்பா இரண்டு கையாலும் இலையை மூடிக்கொண்டு உயிர்போகிற மாதிரி கத்தினார்:

“சாலு! சாலு! சாலு!”

அவர்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. தெலுங்கில் சாலு என்றால் போதும்.

மூன்று முறை சொன்னால் எந்த மாப்பிள்ளைதான் திருப்பமாட்டான்? சித்தப்பா சாவியைத் திருப்பினார்.

வாசல் சரிவு. ஹேண்ட் பிரேக் கிடையாது. அதனால் வண்டியை முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்கு ஒரு கல் வைத்திருந்தோம். வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது, கல்லை ஏறித் தாண்டியது, பிடித்துக்கொண்டது. முக்காலி ஒருபக்கம், நான் ஒருபக்கம். மேஸ்திரி கன்னடத்தில் அதுவரை எனக்குக் கற்றுத்தராத ஒன்றைச் சொல்லிக்கொண்டே விலகிக் குதித்தார்.

வண்டி ஓடியது என்று சொல்வது மரியாதைக்காக. வேகமாக நடந்தது. ஆனால் நின்றபாடில்லை. பானெட் தூக்கியிருந்ததால் சித்தப்பாவுக்கு முன்னால் பச்சைத் தகடு தவிர எதுவும் தெரியவில்லை. பிரேக்குக்கு எண்ணெய் ஊற்றவில்லை. வருஷக்கணக்கில் நின்ற கிளட்ச் ஒட்டிக்கொண்டிருந்தது. சாவியைத் திருப்பி அணைத்தார்; இஞ்சின் பாட்டுக்கு ஓடியது. சாவியைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே நீட்டி எங்களுக்கெல்லாம் காட்டினார். சாவி அவர் கையில் இருக்கிறது, வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. இதைவிட ஓடுற வண்டிக்கு என்ன சாட்சி வேண்டும்?

பந்தியில் இருந்தவர்கள் இலையைத் தாண்டிச் சிதறினார்கள். சித்தப்பா ஜன்னலில் தலையை நீட்டி, புங்கமரத்தைக் கண்டு, ஸ்டீயரிங்கை வலதுபக்கம் ஒடித்தார். ஜனங்கள் தப்பினார்கள். வலதுபக்கம் கைப்பிடிச் சுவர் இல்லாத எங்கள் கிணறு இருந்தது.

“கெணறு! கெணறு!” என்று அப்பா அலறினார். “டேய், குதிச்சிடுடா! கலப்ப போனா போவுது!”

நான் வண்டிக்குப் பக்கத்திலேயே ஓடினேன். எனக்கு மட்டும்தான் அவர் தோள் தெரிந்தது. சித்தப்பா கதவை இடித்தார். ஒருமுறை, மறுமுறை, முழுப் பலத்தோடு. கதவு அசையவில்லை. கட்டியது யார்? பக்கத்துச் சீட்டைப் பார்த்தார். டீசல் கேனும் டூல்ஸ் பெட்டியும் குத்துக்கல்லாக உட்கார்ந்திருந்தன. கடைசியில் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைக் கட்டிக்கொண்டு, கிணற்றை ஒரு முழத்தில் விட்டுவிட்டுத் திருப்பி, நேராக எங்கள் ராகிப் போரில் கொண்டுபோய்ச் செருகினார். போர் முழுவதும் சரிந்து, பின்பக்கம் தவிர வண்டியை மூடியது. உள்ளே இருந்து இஞ்சின் இரண்டுமுறை இருமிவிட்டு நின்றது.

ராகிப் போர் சரிகிற சத்தத்துக்கு எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான் உண்டு. அக்கம்பக்கத்தார் தட்டைத் தட்டிக்கொண்டு, பட்டாசைக் கொளுத்திக்கொண்டு, “ஆனை! ஆனை!” என்று ஓடிவந்தார்கள். வந்து பார்த்தால் வைக்கோலுக்குள் இருந்து பச்சை நிறத்தில் ஒரு பின்புறம் நீட்டிக்கொண்டிருந்தது. “இதென்னா, புது ஜாதி ஆனையா கீது?” என்றார் ஒருவர்.

இடதுபக்கத்து வைக்கோலை வாரி, கேனை இறக்கி, சித்தப்பாவை இழுத்தெடுத்தார்கள். தலையெல்லாம் ராகித்தாள். கல்யாணம் போயிற்று என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. யாரையும் பார்க்காமல் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார். அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள். மாலூர் வாத்தியாரை அன்று எங்கள் வாசலில் நினைக்காதவர் இல்லை.

பெண்ணின் அப்பா கை கழுவிவிட்டு நிதானமாக வந்தார். கிணற்றடியில் சக்கரத் தடத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு சித்தப்பாவின் தோளில் கை வைத்து, தன் ஆட்கள் பக்கம் திரும்பி, பெருமையோடு சொன்னார்:

“பண்டி வதிலி தூகலேது!”

அவருடைய ஆட்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். தெலுங்கு தெரிந்த அப்பாவும் மார்பை நிமிர்த்திக்கொண்டு தலையாட்டினார். எனக்கு விளங்கவில்லை. ‘வண்டியைத் தூக்கவில்லை’ என்பதாக என் காதில் விழுந்தது. அதற்கென்ன இவ்வளவு பாராட்டு? வண்டியை யார்தான் தூக்குவார்கள்? பேரிகைப் பக்கம் மாப்பிள்ளைகள் தூக்குவார்களோ என்னவோ.

“அப்பா, அந்தக் கதவு…” என்று ஆரம்பித்தேன்.

“போய் எல்லாருக்கும் தண்ணி மொண்டுக்கினு வா, போ” என்றார் அப்பா.

தண்ணீர் கொண்டுவருவதற்குள் தட்டு மாற்றிக்கொள்ளும் நாளைப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அவர்கள் போனபிறகு சித்தப்பா என்னை வைக்கோலுக்குப் பின்னால் அழைத்துப்போய்க் காதோடு சொன்னார்: “அந்தக் கம்பிய அவுத்துடு. யாருகிட்டயும் மூச்சு விடாத.”

“ஏன் சித்தப்பா? நல்லாத்தான கட்டனன்?”

“ரொம்ப நல்லா கட்டனடா” என்றார். குரல் என்னவோ மாதிரி இருந்தது.

அவிழ்த்தேன். என் உயர்ந்த வேலைப்பாட்டை ஏன் மறைக்கவேண்டும் என்று வருத்தமாக இருந்தது. ஆனாலும் வாக்கைக் காப்பாற்றினேன். தை முடிவதற்குள் கல்யாணம் நடந்தது. கைப்பம்பு அடித்த என்னால்தான் சித்தி கிடைத்தாள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வண்டி ஒருவழியாகச் சரியாகி வெகுகாலம் தக்காளி ஏற்றியது. சித்தியின் அப்பா எந்த விசேஷத்திலும், காதுகுத்தானாலும் கருமாதியானாலும், யாராவது புது ஆள் கிடைத்தால் அதே வாக்கியத்தைச் சொல்வார். நானும் ஒவ்வொரு முறையும், தூக்காததற்கு இவ்வளவா என்று நினைத்துக்கொள்வேன்.

படித்து முடித்து நானும் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தேன். சேர்ந்து சில வருஷம் கழித்து ஒருநாள், லோடிங் மேடையின் விளிம்பில் நின்ற ஒரு பையனைப் பார்த்து, ஆந்திராவின் குப்பத்திலிருந்து வந்த சூப்பர்வைசர், “ஒரேய், தூகொத்துரா!” என்று கத்தினார். பையன் கையில் ஒன்றும் இல்லை. எதைத் தூக்காதே என்கிறார்? பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டேன். “தூகுன்னா குதிக்கிறது சார்” என்றார்.

வண்டியை விட்டுக் குதிக்கவில்லை.

கதவு தெரிந்த எனக்குத் தெலுங்கு தெரியவில்லை. தெலுங்கு தெரிந்தவர்களில் அப்பாவையும் சித்தப்பாவையும் தவிர ஒருவருக்கும் கதவு தெரியவில்லை; அப்பாவோ என்னைத் தண்ணி மொள்ள அனுப்பிவிட்டார். இந்த இடைவெளியில் ஒரு கல்யாணம் நடந்து, இரண்டு பிள்ளைகள் பிறந்து, அதில் ஒருத்திக்கு அப்போது காலேஜில் இடமும் கிடைத்திருந்தது. அந்த ரகசியத்தை அன்று முதல் இன்னும் பொறுப்பாகக் காத்தேன். ஒரு குடும்பத்தின் அஸ்திவாரமே நான் முறுக்கிய கம்பியில் நிற்கிறது என்றால் மனிதனுக்கு ஒரு கம்பீரம் வருமா வராதா? இந்த மூக்குள்ள வண்டியை மாந்தோப்பில் கண்டதும் நான் இறங்கிப்போய் விலை கேட்டதற்கு அந்தக் கம்பீரம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவும் சித்தியும் வண்டியைப் பார்க்க வந்தார்கள். சித்தப்பா வந்த வேகத்தில் பானெட்டைத் தூக்கித் தலையை உள்ளே விட்டுக்கொண்டார். எழுபதை நெருங்குகிறவர் கைப்பம்பைக் கண்டு குழந்தை மாதிரி சிரித்தார். சித்தி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். டிரைவர் பக்கம் நின்று கதவைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

“என்னா சித்தி?”

“ஒண்ணுமில்ல. கம்பி கிம்பி கட்டியிருக்கியான்னு பாத்தன்.”

“உங்களுக்கு… அது தெரியுமா?”

“கல்யாணமான மறுவாரமே சொல்லிட்டாரு. எங்கப்பாவுக்குத்தான் கடைசி வரைக்கும் தெரியாது. நீ என்னா, இன்னுமா அத ரகசியம்னு வெச்சிக்கினு இருக்கற?”

பானெட்டுக்கு அடியில் சித்தப்பா அவசரமாக எதையோ தட்டத் தொடங்கினார். சித்தி கதவை இன்னொரு முறை திறந்து பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள்.

“நல்லாத்தான் தொறக்குது. அன்னிக்கே இப்பிடி தொறந்திருந்தா, நான் மாலூர்ல வாத்தியாரு பொண்டாட்டியா நிம்மதியா இருந்திருப்பன்.”